அடித்தந்தியின் பெயர்: பேஸ் கிட்டார் வரலாற்றில் உழைப்பும் மறதியும்



நினைவுப் பொழிவு என்பது ஒரு பெயரைத் திரும்பச் சொல்வதற்காகக் கூடுகிற கூட்டம். வாழ்ந்த காலத்தில் அச்சில் அதிகம் வராத பெயரை ஆண்டுக்கொரு முறையாவது ஓசைபடச் சொல்லுவோம் என்று நாம் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் இது. அந்த வழக்கத்துக்குப் பொருத்தமாக, இந்த ஆண்டு ஓர் இசைக்கருவியின் வரலாற்றைப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் பிறந்த பேஸ் கிட்டார் அது. நான்கு தடித்த தந்திகள் கொண்டது. பாட்டின் அடியில் கிடந்து ஒலிப்பது.

தலித் இலக்கிய மேடையில் பேஸ் கிட்டாருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோரின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பர்கள் அனுப்பிய மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள், அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து தம் இயக்கத்துக்குப் பெயர் எடுத்தார்கள். அந்த மக்களின் கவிதைகளையும் தன்வரலாறுகளையும் நாம் படித்திருக்கிறோம். அவர்களுடைய பாட்டைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பாட்டுக்குப் பின்னால் வாசித்த கைகள் யாருடையவை, அவற்றுக்கு என்ன கூலி கிடைத்தது, அவர்கள் பெயர் எங்கே போயிற்று என்று கேட்டதில்லை. சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால் உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை வெளியே நிறுத்துகிற வேலையை இரண்டுமே நன்றாகச் செய்யும்.

கேட்பது தெரியாமல் கேட்கிற ஒலி

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் சின்ன ஒலிபெருக்கியால் அந்த அதிர்வை எழுப்பவே முடியாது. இருந்தும் டீக்கடை ரேடியோவில் நாம் பேஸைக் கேட்டோம். எப்படி? அந்தச் சுரத்தோடு கூடப் பிறக்கிற மேல் அதிர்வுகள் காதை எட்டுகின்றன. அவற்றைக் கொண்டு, வந்து சேராத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. இது ஒலியியல் அறிந்த உண்மை.

பேஸ் வாசிப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறார். மேளத்தோடு சேர்ந்து தாளத்தைப் பிடித்துக்கொள்கிறார். மறுபுறம், பாட்டு இப்போது எந்தச் சுரத்தின் மேல் நிற்கிறது என்பதையும் அவரே சொல்கிறார். பாடகர் ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது கீழே பேஸ் ஒரு படி நகர்ந்தால், பாடகரின் அதே குரல் வேறு உணர்ச்சியில் கேட்கும். பாடகர் நிற்கிற தரை இவர் கையில் இருக்கிறது. ஆனால் கேட்பவர் அதைக் கவனிப்பதில்லை. நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார். ஊரைக் கூட்டிப் பெருக்குகிற வேலையைப் போல.

தடைசெய்யப்பட்ட மேளம்

1739இல் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றின் பக்கத்தில், அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டு அணிவகுத்துப் போனார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1740இல், அந்தக் காலனியின் அரசு அடிமைகளுக்கான சட்டத்தை இறுக்கியது. அவர்கள் மேளமும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. மேளம் செய்தி சொல்லும் என்பதை எஜமானர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நமக்கு நேர்ந்தது தலைகீழ். இங்கே பறையை ஒரு சாதியின் கையில் திணித்து, சாவுக்கும் திருவிழாவுக்கும் கூலி இல்லாமல் அடிக்கச் சொன்னார்கள். மறுத்தவர்களை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினார்கள். அங்கே அடிக்காதே என்றது அதிகாரம். இங்கே அடித்தே ஆக வேண்டும் என்றது. எப்போது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமையைக் கருவி வைத்திருப்பவனிடமிருந்து பிடுங்கியது இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

மேளம் பறிபோன இடத்தில் கறுப்பர்கள் கையைத் தட்டினார்கள், தொடையைத் தட்டினார்கள், பலகைத் தரையைக் காலால் உதைத்தார்கள். பின்னால் வீட்டுச் சாமானே கருவியாயிற்று. துணி துவைக்கும் தகரத் தொட்டியைக் கவிழ்த்து, அதன் நடுவில் ஒரு கயிற்றை முடிந்து, மறுமுனையைத் துடைப்பக் கழியில் கட்டினால் அது பேஸ். கழியைச் சாய்த்தால் கயிறு தளர்ந்து சுரம் தாழும், நிமிர்த்தினால் ஏறும். மண்ணில் குழி வெட்டி, அதன் மேல் தோலை இழுத்து, வில்லில் கட்டிய நரம்பைச் சுண்டுகிற ஆப்பிரிக்கக் கருவியின் வாரிசு இது என்று இசை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பேஸ் கிட்டாரின் கதையை மின்சாரத்தோடு தொடங்குவது வழக்கம். நாம் இந்தத் தொட்டியிலிருந்து தொடங்க விரும்புகிறோம்.

கருவியைச் செய்த கைகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், நடன மண்டபங்களில் அடிச்சுரம் தந்தது ஆள் உயர டபுள் பேஸ். ஊதுகருவிகளும் டிரம்ஸும் முழங்கும்போது அதன் குரல் அமுங்கிப்போகும். ஊருக்கு ஊர் தூக்கிப் போவதும் பெரும்பாடு. 1930களில் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர், கிட்டாரைப் போல் குறுக்கே பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார். அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில், ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்த லியோ ஃபெண்டர், பிரிசிஷன் பேஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார். கெட்டி மரப்பலகை உடல், 34 அங்குலத் தந்தி நீளம், 20 ஃப்ரெட்டுகள். ஃப்ரெட் என்பது வீணையில் மெட்டு என்கிறோமே, அதைப் போன்ற உலோகக் கட்டை. விரலை எங்கே வைத்தால் சுரம் சுத்தமாக விழும் என்று தேட வேண்டாம் என்பதால்தான் 'துல்லியம்' என்று பொருள்படும் பெயர். 1957இல் அதன் காந்தச்சுருளை, அதாவது பிக்அப்பை, இரண்டாகப் பிளந்து புதிதாக அமைத்தார்கள். இன்றும் உலகெங்கும் செய்யப்படுவது ஏறக்குறைய அந்த வடிவம்தான்.

லியோ ஃபெண்டரின் பெயர் கருவியின் தலையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் பெயர்? அதுவும் இருக்கிறது, எங்கே என்பதுதான் விஷயம். 1950களில் அங்கே கிட்டார்க் கழுத்துகளை இழைத்து வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் மெக்சிக வம்சாவளித் தொழிலாளி டாடியோ கோமெஸ். கழுத்து உடலோடு பொருந்துகிற அடிப்பாகத்தில், திருகைக் கழற்றினால் மட்டுமே தெரிகிற இடத்தில், பென்சிலால் தேதியும் தம் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் எழுதினார். 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகாயில் இபாரா என்ற பெண், மயிரிழை போன்ற செம்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி பிக்அப் செய்தவர். 2013 வரை அந்த வேலை பார்த்தார். இன்று பழைய கருவி வாங்குகிற சேகரிப்பாளர்கள், கழற்றிப் பார்த்து அந்த முதலெழுத்துகளைத் தேடுகிறார்கள். இருந்தால் மதிப்புக் கூடுகிறது. அந்த மதிப்பு எழுதிய கைக்குப் போவதில்லை, விற்பவருக்குப் போகிறது.

இந்தக் கருவியை முதலில் கையில் எடுத்து ஊர் ஊராகக் கேட்க வைத்தவர்களில் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் முக்கியமானவர்கள். 1952இல் லயனல் ஹாம்ப்டனின் குழுவில் ராய் ஜான்சன் இதை வாசித்தார். அவருக்குப் பின் அதே குழுவில் மங்க் மான்ட்கோமரி வாசித்தார். 1953இல் ஜாஸ் இசைத்தட்டிலும் பதித்தார். டபுள் பேஸ்காரர்கள் பலர் இதைக் கருவியாகவே மதிக்கவில்லை. கிட்டார் வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு குறுக்குவழி என்றார்கள். ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்கள் ஏற்றுக்கொண்டன. வெகுகாலம் வரை இசைத்தட்டு அட்டைகளில் இந்தக் கருவியை 'ஃபெண்டர் பேஸ்' என்றே குறித்தார்கள். வாசித்தவர் பெயர் இல்லாத பாட்டிலும் கம்பெனியின் பெயர் கருவியின் பெயராகவே நிலைத்துவிட்டது.

ஒற்றை விரல்

இப்போது ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றிப் பேசுவோம். 1936இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தார். அடிமைகள் பருத்தி விளைவித்த கடலோரத் தீவு அது. மேளத்தைத் தடைசெய்த அதே மண். சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியை மண்ணில் நட்டு, ரப்பர் வாரைக் கட்டிச் சுண்டி, எறும்புகளை ஆட வைக்கப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1954இல் தாயோடு டிட்ராய்ட்டுக்கு வந்தார். கார் தொழிற்சாலை வேலை தேடித் தெற்கிலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கே போன காலம். அங்கே பள்ளியில் டபுள் பேஸ் கற்றார். இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்தார்.

அதே டிட்ராய்ட்டில், கார் தொழிற்சாலையின் நகரும் வரிசையில் வேலை பார்த்த பெரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர், குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். மோடவுன் என்று உலகம் அறிந்தது அதைத்தான். மேற்கு கிராண்ட் புலவார்டில் ஒரு வீட்டை வாங்கி, பின்பகுதியை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். தாழ்வான அந்த அறையை இசைக்கலைஞர்கள் 'பாம்புக்குழி' என்றார்கள். கார் தயாரிப்பதைப் போலவே பாட்டும் வரிசையில் தயாராயிற்று. வாத்தியக்காரர்கள் ஒரு கூட்டம். பாடகர்கள் மாறி மாறி வருவார்கள். அந்த வாத்தியக்காரர்களின் பெயர் ஃபங்க் பிரதர்ஸ். அவர்களில் பேஸ் வாசித்தவர் ஜேமர்சன். அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்த இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளில் அவருடைய பேஸ் ஒலிக்கிறது.

அவருடைய முக்கியக் கருவி 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். மற்றவர்கள் அதை வாங்கி வாசித்தால் விரல் நோகும். தந்திகள் லா பெல்லா கம்பெனியின் கனமான ஃப்ளாட்வூண்ட் வகை. அதாவது மேலே சுற்றிய கம்பி தட்டையாக, வழவழப்பாக இருக்கும். பலகையிலிருந்து தந்தி மிக உயரத்தில் நிற்கும். அறுந்தாலொழியத் தந்தியை மாற்ற மாட்டார். கையின் எண்ணெயும் அழுக்கும் ஏறிய தந்தியில்தான் நாதம் இருக்கிறது என்பது அவர் கட்சி. தந்தி முடிகிற இடத்தில், உலோக மூடியின் அடியில், ஒரு துண்டு நுரைப்பஞ்சு. அதனால் சுரம் நீளாமல், தோல் மேளத்தில் அடி விழுந்ததுபோல் 'தும்' என்று முடியும். மேளம் தடைசெய்யப்பட்ட மண்ணில் பிறந்தவரின் கை, தந்திக்கருவியிலிருந்து மேளத்தின் ஒலியை எடுத்தது என்று நாம் வாசித்துக்கொள்வதில் தவறில்லை.

வலக்கையில் அவர் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். மற்ற விரல்கள் மூடியின் மேல் ஓய்ந்திருக்கும். அந்த ஒற்றை விரலைச் சக கலைஞர்கள் 'கொக்கி' என்று கூப்பிட்டார்கள். டபுள் பேஸ் பழக்கத்திலிருந்து வந்த முறை அது. பேஸ் கற்றுக்கொடுக்கும் பாடப்புத்தகங்கள் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்கின்றன. அந்தப் பாடத்தின்படி பார்த்தால் ஜேமர்சன் தேர்வில் தோற்றவர். ஆனால் அந்தப் பாடம் படித்தவர்கள் அவருடைய வரிசைகளை இரண்டு விரலாலும் எட்ட முடியாமல் திணறுகிறார்கள். இடக்கையால் அழுத்தாத வெறுந்தந்திகளை இடையிடையே ஒலிக்கவிட்டு, அந்தச் சிறு இடைவெளியில் கையை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார். இசையமைப்பாளர் பல நேரம் அவரிடம் கொடுத்தது கார்டுகளின் பெயர் மட்டும் எழுதிய ஒரு தாள். சுரவரிசை அவருடையது.

வாசிப்பாளர்களின் சண்டைகள்

பேஸ் வாசிப்பவர்கள் கூடினால் சில வழக்குகள் தீராமல் ஓடும். விரலா, பிக்கா என்பது ஒன்று. பிக் என்பது தந்தியைச் சுண்டுகிற சிறு தகடு. விரல்தான் நியாயம், பிக் பிடிப்பவர் கிட்டாரிலிருந்து தப்பி வந்தவர் என்பார் ஒருவர். அப்படியானால் கரோல் கேயை என்ன செய்வது என்று மற்றவர் திருப்புவார். லாஸ் ஏஞ்சல்ஸில் கிட்டார் வாசித்துப் பிழைத்த அந்தப் பெண், 1963இல் ஒரு பேஸ்காரர் வராத நாளில் அந்த இடத்தில் உட்கார்ந்து, பின் அங்கே மிக அதிகம் அழைக்கப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். பிக் பிடித்து, தந்தியின் மேல் கம்பளித் துண்டை ஒட்டி, தெளிவாகத் தெறிக்கிற ஒலியை எடுத்தார்.

தட்டைத் தந்தியா, உருட்டுத் தந்தியா என்பது இன்னொரு வழக்கு. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பெனி, உருட்டுக் கம்பி சுற்றிய ரவுண்ட்வூண்ட் தந்தியைப் பரப்பியது. பியானோவைப்போல் கணகணவென்று ஒலிக்கும். ராக் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதன் பிறகு பழைய தட்டைத் தந்தியின் ஒலி 'மந்தம்' என்று ஒதுக்கப்பட்டது. பிற்பாடு அதே ஒலி 'செவ்வியல்' என்று திரும்பி வந்தது. ஒதுக்கப்பட்ட காலத்தில் அதை வாசித்தவர் பட்டினி கிடந்தார். திரும்பி வந்த காலத்தில் அவர் உயிரோடில்லை.

மூன்றாவது வழக்கு, ஸ்லாப் என்கிற கட்டைவிரல் அடி. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் லாரி கிரஹாம் தம் தாயோடு சேர்ந்து விடுதிகளில் வாசித்துவந்தார். டிரம்ஸ் வாசித்தவர் போய்விட்டார். வேறு ஆள் இல்லை. கட்டைவிரலால் தடித்த தந்தியைத் தட்டி டிரம்ஸின் அடிமேளத்தையும், மெல்லிய தந்தியை இழுத்து விட்டுப் பக்கமேளத்தையும் தாமே உண்டாக்கினார். 1960களின் கடைசியில் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழு வழியாக உலகம் அதைக் கேட்டது. முதலில் கேட்ட பலருக்கு அது முரட்டுத்தனம். இன்று இசைப்பள்ளிகள் அதற்குப் பாடத்திட்டம் வைத்திருக்கின்றன. ஆள் இல்லாத குறையிலிருந்து பிறந்த ஒரு வழி, இருபது முப்பது ஆண்டில் இலக்கணமாகிவிட்டது.

இந்த மூன்று வழக்கிலும் நாம் பார்ப்பது ஒன்று. எது சரியான முறை என்று சொல்கிறவர், பெரும்பாலும் அந்த முறையை உண்டாக்கியவர் அல்ல. 'முறையான பயிற்சி இல்லை' என்ற சொல்லை நாமும் நிறையக் கேட்டிருக்கிறோம். பறையடிப்பவருக்கு அடவு தெரியும், எந்த அடி எந்தச் சடங்குக்கு என்று தெரியும், தோலை எவ்வளவு நேரம் நெருப்பில் காய்ச்ச வேண்டும் என்று தெரியும். தாளிலோ ஏட்டிலோ இல்லாததால் அதை அறிவு என்று ஒத்துக்கொள்ள மட்டும் மனம் வராது.

யார் வாசித்தது?

ஆரம்ப நாட்களில் ஃபங்க் பிரதர்ஸுக்கு ஒரு பாட்டுக்குச் சில டாலர்கள்தான் கூலி. பின்னால் நிரந்தரச் சம்பளம் வந்தது. ராயல்டி என்ற பேச்சே இல்லை. இசைத்தட்டில் பெயரும் இல்லை. 1967இல் ஜாக்கி வில்சன் பாடிய புகழ்பெற்ற ஒரு பாட்டுக்காக ஜேமர்சனும் நண்பர்களும் சிகாகோவுக்குப் போய், போட்டி நிறுவனம் ஒன்றுக்கு வாசித்துவிட்டு வந்தார்கள். மோடவுனுக்குத் தெரியாமல் செய்யவேண்டிய வேலை அது. பெயரை அச்சிட்டால் மற்றவர்கள் இவர்களைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்பது பெயரை மறைத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். மோடவுனின் முதலாளி கறுப்பர். வெள்ளையர் கையிலிருந்த இசைத்தொழிலில் ஒரு கறுப்பர் சொந்தமாக நிறுவனம் கட்டி எழுப்பியது பெரும் சாதனை. பல கறுப்பினக் கலைஞர்களுக்கு அது வேலையும் மேடையும் தந்தது. அதே நிறுவனம்தான் தன் வாத்தியக்காரர்களின் பெயரை அடைத்து வைத்தது. முதலாளி நம்மவர் என்பதால் கூலிக்கணக்கும் பெயர்க்கணக்கும் தாமாகவே சரியாகிவிடாது. நம் அமைப்புகளுக்கும், நம் பதிப்பகங்களுக்கும், நம் கலைக்குழுக்களுக்கும் இது பொருந்தும்.

1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு வந்தபோதுதான் வாத்தியக்காரர்களின் பெயர்கள் மோடவுன் அட்டையில் முறையாக ஏறின. ஜேமர்சனுக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று ஓர் அடைமொழியும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அடுத்த ஆண்டு, 1972இல், நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்துவிட்டது. டிட்ராய்ட் வாத்தியக்காரர்களில் பலர் தெருவில் நின்றார்கள். ஜேமர்சன் பின்தொடர்ந்து போனார். அங்கே புதுத் தந்தியும் புது ஒலியும் கேட்டார்கள். அவர் மாறவில்லை. குடி அவரைத் தின்றது. வேலை குறைந்தது.

பெயர் எழுதாமல் விட்டதன் விளைவு பின்னால் வேறு வடிவத்தில் வந்தது. மோடவுன் தன் ஒலிப்பதிவுகளில் ஒரு பகுதியை லாஸ் ஏஞ்சல்ஸிலும் செய்துவந்தது. ஜேமர்சன் வாசித்ததாக நம்பப்படும் சில பாட்டுகளில் தாமே வாசித்ததாகக் கரோல் கே சொன்னார். டிட்ராய்ட் கலைஞர்களும் ஆய்வாளர்களும் அதை மறுத்தார்கள். வாசிப்பாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, தந்தியின் ஒலியையும் விரலின் அசைவையும் சான்றாக வைத்துப் பல ஆண்டு வாதாடினார்கள். ஒரு பக்கம் கறுப்பின ஆண். மறுபக்கம் ஆண்கள் நிறைந்த கூடத்தில் தனியாக உட்கார்ந்து வாசித்த பெண். இருவருமே கூலிக்கு வாசித்தவர்கள். இருவர் பெயரையும் எழுதாமல் விட்டவர்கள் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. ஆவணம் இல்லாத இடத்தில் உழைத்தவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வதும், உடைமை கொண்டவர் ஒதுங்கி நிற்பதும் நமக்குப் பழகிய காட்சி.

அடிவரிசை யாருக்குச் சொந்தம்?

பதிப்புரிமைச் சட்டம் வழக்கமாகப் பாட்டின் மெட்டையும் சொல்லையும் பார்க்கிறது. அடியில் ஓடும் பேஸ் வரிசையை 'வாசிப்பு' என்று சொல்லிக் கடந்துவிடும். இரண்டு வழக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1979இல் ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டுக்கு பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ் வரிசை, அதே ஆண்டு வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டுக்கு அடித்தளமாயிற்று. எட்வர்ட்ஸும் அவருடைய கூட்டாளி நைல் ராட்ஜர்ஸும் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றார்கள். பாட்டை எழுதியவர்களாக இருவர் பெயரும் சேர்க்கப்பட்டது. இது நடந்தது, மூலப்பாட்டிலேயே எழுதியவராக எட்வர்ட்ஸின் பெயர் பதிவாகியிருந்ததால்.

ஜமைக்காவில் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர் ஆஸ்டன் பேரட். ரெக்கே இசையில் பேஸ்தான் பாட்டின் முகம். கிங்ஸ்டன் தெருக்களில் ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கியதே அதற்காகத்தான். அவரும், டிரம்ஸ் வாசித்த அவர் தம்பி கார்ல்டனும் அந்த ஒலியைக் கட்டியவர்கள். ராயல்டியும் எழுதிய உரிமையும் கேட்டு ஆஸ்டன் பேரட் தொடுத்த வழக்கு 2006இல் லண்டன் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. முன்பே 1994இல் ஒரு தொகை பெற்றுக்கொண்டு செய்த உடன்பாடு அவருக்கு எதிராக நின்றது. 2024இல் காலமானார். முதல் வழக்கில் பெயர் முன்கூட்டியே தாளில் இருந்தது. இரண்டாவதில் பெயர் கேட்கப் போனபோது தாள் எதிராளியிடம் இருந்தது.

நம் பக்கத்துக் கணக்கு

இதைப் பேசிவிட்டு நம் ஊரைப் பார்க்காமல் போக முடியாது. இளையராஜாவின் எத்தனையோ பாட்டுகளில் அந்த பேஸை வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானின் பல பாட்டுகளில் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். பாடியவர் யார், எழுதியவர் யார் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற நாம், இந்தப் பெயர்களை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? மிருதங்கத்தைப் பாருங்கள். பாலக்காடு மணி ஐயரின் பெயர் தெரியாத இசை ரசிகர் இல்லை. அவருடைய மிருதங்கத்தின் நாதத்தைத் தோலில் தேடித் தேடி உருவாக்கிக் கொடுத்த பர்லாந்துவின் பெயர், 2020இல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி நூல் எழுதிய பிறகுதான் பலர் காதில் விழுந்தது. தோலைத் தொட்டவர் வாசலில் நிற்க, தோல் மட்டும் மேடை ஏறியது. ஃபுல்லர்டனில் கழுத்தின் அடியில் எழுதப்பட்ட இரண்டு எழுத்தாவது இருந்தது; இங்கே அதுவும் இல்லை.

1983 மார்ச்சில் மோடவுனின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா பெரிய அளவில் நடந்து தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, 47 வயதில் இறந்துபோனார். சற்று முன்னால்தான் அவருடைய 1962ஆம் ஆண்டு பேஸ் வீட்டிலிருந்து திருடு போயிருந்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, தம்மை மிகவும் பாதித்த பேஸ் கலைஞர் ஜேமர்சன் என்றும், வெகுகாலம் அவர் பெயர்கூடத் தமக்குத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார். 1989இல் ஜேமர்சனின் வாழ்க்கையும் சுரவரிசைகளும் நூலாக வந்தன. 2000இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2002இல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றி ஆவணப்படம் வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள். அவர் கேட்க முடியாத காலத்தில் நடந்தவை.

ஆகவே தோழர்களே, இந்தப் பொழிவின் முடிவில் ஒரு வேலையை நம் எல்லோர் முன்னும் வைக்கிறோம். உங்கள் ஊரில் பறை அடிக்கிறவர்கள், பேண்டு செட்டில் ஊதுகிறவர்கள், தோல் காய்ச்சிக் கட்டுகிறவர்கள், கூத்தில் பின்பாட்டுப் பாடுகிறவர்கள், கச்சேரியில் பேஸும் கீபோர்டும் வாசிக்கிற நம் பிள்ளைகள் எல்லோரையும் அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றது, என்ன கருவி, அதை யார் செய்தது, அந்த அடியை எந்த விரலால் அல்லது எந்தக் குச்சியால் அடிக்கிறார், அன்றைக்கு என்ன கூலி வாங்கினார், தேதி. இரண்டு ரூபாய் பேனாவும் ஒரு நோட்டும் போதும். நம் கலைக்குழுக்கள் வெளியிடும் ஒவ்வொரு குறுந்தகட்டிலும், ஒவ்வொரு காணொளியிலும், கடைசியாக நின்று வாசித்தவர் வரை பெயர் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்கிற உரிமை வாசித்தவருக்கு இருக்க வேண்டும்.